ஏடும் சொல்லும் செயலும்: புதிய கணினி முறைக்குத் தகவல் திரட்டும் வழிகள்

ஒரு நிறுவனத்தின் கணக்கும் பதிவேடும் கணினிக்கு மாறப்போகின்றன என்ற பேச்சு எழுந்தவுடன் மூன்று கேள்விகள் வந்து நிற்கும். எந்த மென்பொருளை வாங்குவது? எவ்வளவு செலவாகும்? எத்தனை நாளில் முடியும்? மூன்றும் கேட்க வேண்டியவையே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. இப்போது இங்கே வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதே அக்கேள்வி.

நம் வாடிக்கையாளர்களில் மொத்த வணிகர்கள், சிறுதொழில் முனைவோர், பள்ளி நிர்வாகிகள், கூட்டுறவுச் சங்கச் செயலர்கள், அடுக்ககக் குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்கள் எனப் பலர் இத்தகைய மாற்றத்தை எண்ணியிருக்கின்றனர். சிலர் அதற்கெனக் கடனும் பெறுகின்றனர். மென்பொருளை எழுதுவது வல்லுநரின் வேலை. அந்த மென்பொருள் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வது நிறுவனத்தாரின் வேலை. அதைச் சரியாகச் சொல்ல வேண்டுமெனில் முதலில் தகவலைத் திரட்ட வேண்டும்.

தகவல் திரட்டுவதற்கு இத்துறையினர் பொதுவாக ஏழு வழிகளைக் கையாளுகின்றனர். பழைய ஏடுகளையும் படிவங்களையும் ஆராய்தல், நேர்காணல், வினாப்படிவம், கூட்டு அமர்வு, வேலையை நேரில் உற்றுநோக்கல், அதே போன்ற முறை நடைபெறும் வேறோர் இடத்தைச் சென்று காணுதல், முன்மாதிரி செய்து பார்த்தல் ஆகியன அவை. முதல் வழி ஏட்டைப் படிப்பது. அடுத்த மூன்றும் மனிதர் சொல்வதைக் கேட்பவை. இறுதி மூன்றும் செயலைக் காண்பவை.

ஏடு ஒன்று கூறும். சொல் ஒன்று கூறும். செயல் வேறொன்றைக் காட்டும். இம்மூன்றும் முழுமையாக ஒத்துப்போகும் அலுவலகம் அரிது. எங்கே அவை ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் நாளைய கணினி முறை இடறி விழும். ஆகவே தகவல் திரட்டுவதன் பயன் தாள்களைக் குவிப்பதில் இல்லை. இம்மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பணம் செலவழிக்கும் முன்பே கண்டுகொள்வதில் இருக்கிறது.

முன்பதிவுக் கவுண்டர் தரும் பாடம்

இந்தியர் அனைவரும் அறிந்த ஒரு கணினி முறையை எடுத்துக்கொள்வோம். ரயில் பயணத்துக்கான முன்பதிவு ஒரு காலத்தில் கையெழுத்துப் பேரேடுகளிலேயே நடந்துவந்தது. வண்டிக்கும் நாளுக்கும் தனித்தனிப் பதிவேடு இருந்தது. எந்த வண்டிக்கு எந்தக் கவுண்டர் என்று தேடி, அதற்குரிய வரிசையில் பயணியர் காத்து நின்றனர். 1985ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புதுதில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. அதனை உருவாக்கியது அந்நாளில் அரசுத் துறை நிறுவனமாக இருந்த சி.எம்.சி. அடுத்த ஆண்டில் ரயில்வேயின் தகவல் முறைகளுக்கெனத் தனி மையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999இல் ஒரே வலைப்பின்னலாக இணைந்தன.

இம்முறைக்கு என்னென்ன தகவல் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பதிவேட்டில் ஒரு பெயரை எழுதுமுன் எழுத்தர் தம் மனத்துக்குள் பல விதிகளைச் சரிபார்க்கிறார். பயண நாள், வகுப்பு, ஏறும் நிலையம், அந்த நிலையத்துக்குரிய ஒதுக்கீடு, மகளிர் ஒதுக்கீடு, அவசர ஒதுக்கீடு, கட்டணச் சலுகை, இடம் நிரம்பியபின் காத்திருப்போர் பட்டியல், ஒருவர் பயணத்தைக் கைவிட்டால் அடுத்து யார் முன்னேறுவார் என்ற வரிசை என அவை நீளும். பல ஆண்டு பழகிய எழுத்தருக்கு இவை விதிகளாகவே தோன்றா. அவர் கை தானாக எழுதும். கணினிக்கோ ஒவ்வொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு விதி விடுபட்டாலும் ஒரே படுக்கைக்கு இருவர் வந்து நிற்பர்.

பழகிய கைக்குத் தெரிந்ததையும் பழகிய வாய் சொல்ல மறப்பதையும் வெளிக்கொணர்வதே தகவல் திரட்டுவோரின் தலையாய பணி. அதற்கான வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஏடு சொல்வது

ரயில் முன்பதிவுப் படிவத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு படிவத்தில் ஆறு பயணியர் வரை எழுத இடமுண்டு. ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பாலினம் எனத் தனி வரி உண்டு. வண்டியும் நாளும் வகுப்பும் அனைவருக்கும் பொது. இதனை ஊன்றிப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். சீட்டு வேறு, பயணி வேறு. ஒரே சீட்டிலுள்ள நால்வரில் இருவருக்கு இடம் உறுதியாகி, மற்ற இருவர் காத்திருக்க நேரலாம். எனவே நிலையைச் சீட்டுக்கு ஒன்றாகப் பதியாமல் ஆளுக்கு ஒன்றாகப் பதிய வேண்டும். யாரிடமும் ஒரு சொல் கேட்காமலே ஒரு தாள் இவ்வளவையும் கற்பித்துவிடுகிறது.

வங்கியில் பணம் செலுத்தும் சலானும் அத்தகையதே. எந்தெந்த மதிப்பில் எத்தனை நோட்டுகள் என்று எழுதும் கட்டம் அதில் இருப்பது ஏன்? மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் போதாதா? காசாளர் தம் கையிருப்பை நோட்டு வாரியாகவே சரிபார்க்கிறார். எண்ணிக்கையில் ஐயம் எழுந்தால் அந்தக் கட்டமே இருதரப்புக்கும் சான்றாகிறது. படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் என்றோ நேர்ந்த ஒரு சிக்கல் மறைந்திருக்கும். காரணம் அறியாமல் ஒரு கட்டத்தை நீக்குவது, அந்தச் சிக்கலைத் திரும்ப அழைப்பதாகும்.

வெற்றுப் படிவத்தைப் பார்ப்பது போதாது. நிரப்பப்பட்டவற்றைப் பார்க்க வேண்டும். யாரும் நிரப்பாத கட்டம் தேவையற்றதாக இருக்கலாம். ஓரத்தில் கையால் கிறுக்கப்பட்ட குறிப்போ படிவத்தில் இடம் பெறாத ஒரு தேவையைக் காட்டும். ஓர் அரிசி மொத்தக் கடையின் விற்பனைச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஓரத்தில் ‘சாக்கு கிழிவு 2’, ‘கூலி அவர்கள் பொறுப்பு’, ‘பாதி நாளை’ என்றெல்லாம் எழுதியிருக்கக் கூடும். மென்பொருளில் இவற்றுக்கு இடமில்லையெனில் கணினி வந்த பின்னரும் கடையில் துண்டுச்சீட்டு ஒழியாது. அடித்தல் திருத்தல் உள்ள சீட்டுகளையும் நீக்கப்பட்ட சீட்டுகளையும் தனியே எடுத்துப் பார்ப்பது நன்று. ஒழுங்காக நடந்த வேலையைக் காட்டிலும் தடுமாறி நடந்த வேலையே அதிகம் கற்பிக்கும்.

ஆயிரக்கணக்கான சீட்டுகளில் எத்தனையைப் பார்ப்பது என்ற ஐயம் எழும். இங்குப் புள்ளியியல் துணைக்கு வருகிறது. நூற்றுக்கு எத்தனை சீட்டுகளில் திருத்தம் உள்ளது என்பது போன்ற ஒரு விகிதத்தை, 10 விழுக்காட்டுப் புள்ளிகள் முன்பின்னாக, 90 விழுக்காடு உறுதியுடன் அறிய 68 சீட்டுகள் போதும். குவியல் பெரிதாக இருந்தாலும் இந்த எண்ணிக்கை கூடுவதில்லை. ஆனால் அந்த 68 சீட்டுகளும் விருப்பு வெறுப்பின்றிக் குலுக்கி எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். மேலே கிடந்தவற்றை அள்ளிக்கொண்டால் கணக்கு பொய்க்கும். அவற்றோடு மாத இறுதி, பண்டிகைக் காலம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் ஆகிய நெருக்கடி நாள்களின் சீட்டுகள் சிலவற்றைத் தனியாகவும் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மென்பொருள் எழுதுவோருக்கு மாதிரியாகக் கொடுக்கும் ஏடுகளில் பிறருடைய கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் இருக்கக்கூடும். அவற்றை மறைத்த பிறகே படி எடுத்துக் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறர் தகவலைக் கையாளுவோர் மீது பொறுப்பைச் சுமத்தியுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, நம்மை நம்பித் தந்தவரின் தகவலைக் காப்பது வணிக நாணயமும் ஆகும்.

ஏட்டைப் படித்தாயிற்று, இனி எல்லாம் தெரியும் என்று நின்றுவிடலாகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்திருக்கின்றனர். ஏட்டில் இருப்பது விதி. அந்த விதி நடைமுறையில் எவ்வாறு வளைகிறது என்பதை மனிதரிடம் கேட்டே அறிய வேண்டும்.

சொல் உணர்த்துவது

நேர்காணலில் முதலில் எழும் வினா, யாரைக் கேட்பது என்பதே. உரிமையாளரையும் மேலாளரையும் மட்டும் கேட்டுத் திட்டத்தை முடித்துவிடுவோர் பலர். மேலாளருக்கு வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது தெரியும். கணக்குப்பிள்ளைக்கு அது எப்படி நடக்கிறது என்பது தெரியும். கிடங்கில் மூட்டையை எண்ணி ஏற்றுபவருக்கு அது எங்கே தவறுகிறது என்பது தெரியும். மூவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். மேலாளர் அருகில் இருக்கையில் கணக்குப்பிள்ளை மேலாளரின் விடையையே திரும்பச் சொல்வார்.

அடுத்தது, எப்படிக் கேட்பது என்பது. ‘கடன் விற்பனையை எப்படிப் பதிகிறீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் விதியே விடையாக வரும். ‘கடைசியாக ஒரு வாடிக்கையாளர் தொகையில் பாதியை மட்டும் கொடுத்தபோது என்ன செய்தீர்கள்? எந்த ஏட்டில் எழுதினீர்கள்?’ என்று நடந்த ஒன்றைக் குறித்துக் கேட்டால் நடைமுறை வெளிவரும். முதலில் விரிந்த விடைக்கு இடம் தரும் வினாக்களைக் கேட்டு, பின்னர் ஆம், இல்லை என்ற விடைக்குரிய வினாக்களால் உறுதிசெய்துகொள்வது நல்ல வரிசை. ‘கணினி வந்தால் வேலை எளிதாகும் அல்லவா?’ என்பது வினாவாகாது. விடையை வாயில் ஊட்டுவதாகும். கேட்டவற்றை அன்றே எழுதி, சொன்னவரிடமே காட்டித் திருத்தம் பெறவும் வேண்டும். தாம் சொன்னதைத் தாளில் காணும்போதுதான் பலருக்கு விடுபட்டது நினைவுக்கு வரும்.

இவற்றைக் காட்டிலும் முதன்மையான ஒன்றுண்டு. அஞ்சுபவர் உண்மையைச் சொல்ல மாட்டார். கணினி வந்தால் தம் வேலை போய்விடுமோ என்று கலங்குபவர், தம் கைத்திறனின் நுணுக்கங்களை மறைத்தே பேசுவார். அது இயல்பு. நம் நாட்டு வங்கித் துறையே இதனை நன்கறியும். வங்கிகளில் இயந்திரமயமாக்கலுக்கு ஊழியர் சங்கங்கள் நெடுங்காலம் எதிர்ப்புத் தெரிவித்துவந்தன. 1983ஆம் ஆண்டில் வங்கி நிர்வாகங்களின் சார்பில் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. முனைவர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் வங்கி இயந்திரமயமாக்கல் குறித்த அறிக்கையை அளித்தது. அவர் தலைமையிலேயே அமைந்த மற்றொரு குழு 1989இல் கணினிமயமாக்கல் குறித்த அறிக்கையை அளித்தது. இயந்திரம் வருவதற்கு முன்பு பேச்சுவார்த்தை நடைபெற வேண்டியிருந்தது என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் இது பொருந்தும். தகவல் திரட்டத் தொடங்குமுன் உரிமையாளர் தம் ஊழியரிடம் மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எதற்காக இந்த மாற்றம், யாருடைய வேலை எவ்வாறு மாறும், யாருக்கு என்ன பயிற்சி கிடைக்கும் என்பன அவை. சொல்ல இயலாத உறுதிமொழியைச் சொல்லலாகாது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் குறிப்பேட்டுடன் ஓர் அந்நியரை உள்ளே அனுப்பினால் அவருக்குக் கிடைப்பது பாதி உண்மையே.

பல கிளைகளிலும் பல ஊர்களிலும் உள்ளோரை நேரில் காண்பது இயலாதபோது வினாப்படிவம் உதவும். குடியிருப்போர் சங்கம் முந்நூறு வீட்டாரின் கருத்தை அறியவும், பள்ளி தன் மாணவரின் பெற்றோர் கட்டணம் செலுத்த விரும்பும் வழியை அறியவும் இதுவே ஏற்றது. வினாக்கள் சிலவாகவும் சுருக்கமாகவும் இருத்தல் நலம். ஒரு வினாவில் இரண்டைக் கேட்டல் ஆகாது. ‘ரசீது விரைவாகவும் சரியாகவும் கிடைக்கிறதா?’ என்றால், விரைவாகத் தவறான ரசீது பெறுபவர் என்ன விடை தருவார்? முதலில் ஐந்தாறு பேரிடம் கொடுத்துச் சோதித்த பிறகே அனைவருக்கும் அனுப்ப வேண்டும். திரும்பி வராத படிவங்களையும் எண்ண வேண்டும். படிவத்தை அனுப்பியவர் பொதுவாக ஓய்வும் எழுத்தறிவும் உள்ளவர். அனுப்பாதவரின் சிக்கலே நமக்குத் தெரியாமல் போகும்.

கூட்டு அமர்வு என்பது உரிமையாளர், ஊழியர், மென்பொருள் வல்லுநர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து தேவைகளை முடிவுசெய்வது. 1970களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனம் இதனை ஒரு முறையாகவே வகுத்தது. ஒருவர் சொன்னதை மற்றொருவர் அங்கேயே மறுக்கும்போது வாரக்கணக்கான அலைச்சல் மிச்சமாகும். விற்பனைப் பிரிவு ‘கையிருப்பு’ என்று சொல்வது கடையில் உள்ள சரக்கை. கிடங்குப் பிரிவு அதே சொல்லால் குறிப்பது, விற்றும் இன்னும் ஏற்றாத சரக்கையும் சேர்த்து. இத்தகைய பொருள் வேறுபாடு தனித்தனி நேர்காணலில் மறைந்திருக்கும். கூட்டு அமர்வில் உடனே வெளிப்படும். ஆனால் அங்கே உரத்த குரலே தீர்ப்பாகிவிடாமல், இளையவரையும் பேச வைக்கும் நடுநிலையாளர் ஒருவர் வேண்டும்.

செயல் காட்டுவது

மனிதர் பொய் சொல்வதில்லை என்றே வைத்துக்கொண்டாலும், தாம் செய்வதை முழுமையாகச் சொல்ல அவர்களால் இயலாது. ஆகவே வேலை நடக்கும் இடத்தில் அமைதியாக அமர்ந்து பார்க்க வேண்டும். கணக்குப்பிள்ளை ஒரு சீட்டு எழுதுவதற்குள் எத்தனை முறை தொலைபேசியை எடுக்கிறார்? எதற்காக எழுந்து கிடங்குக்குப் போகிறார்? சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்கும் சிறு குறிப்பேட்டில் என்ன இருக்கிறது? அந்தக் குறிப்பேடே அக்கடையின் உண்மையான தகவல் முறையாக இருக்கக் கூடும். ஏட்டாய்விலும் அது சிக்காது; நேர்காணலிலும் அது பேசப்படாது.

பார்ப்பவர் இருப்பதாலேயே வேலையின் போக்கு மாறிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகிலிருந்த ஹாதார்ன் தொழிற்கூடத்தில் 1924 முதல் 1932 வரை தொழிலாளரை வைத்து ஆய்வுகள் நடத்தப்பட்டன. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வால் மனிதர் நடத்தை மாறுவதை இன்றும் அந்த இடத்தின் பெயராலேயே ஹாதார்ன் விளைவு என்கின்றனர். முதல் நாளில் எல்லோரும் விதிப்படியே நடப்பர். மூன்றாம் நான்காம் நாளில்தான் இயல்பு திரும்பும். எனவே ஒரே நாள் பார்த்துவிட்டு முடிவுக்கு வருதல் தகாது. மாதக் கணக்கு முடிக்கும் நாளையும் ஒருமுறையேனும் உடனிருந்து காண வேண்டும்.

அதே வகை மென்பொருளை ஏற்கெனவே பயன்படுத்தும் வேறொரு நிறுவனத்துக்குச் சென்று பார்ப்பது செலவு குறைந்த வழி. விற்பவர் காட்டும் ஒளிப்படக் காட்சியில் எல்லாம் நன்றாகவே ஓடும். பயன்படுத்துபவரின் மேசையருகே நின்றால்தான் எந்தப் பக்கத்தில் அவர் பெருமூச்சு விடுகிறார் என்பது தெரியும். ‘கணினி வந்த பிறகும் எதையெல்லாம் தாளில் எழுதுகிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வியை அங்கே மறவாமல் கேட்க வேண்டும்.

முன்மாதிரி என்பது முழு மென்பொருளையும் எழுதுமுன் திரைகளை மட்டும் செய்துகாட்டுவது. தாளில் கட்டம் வரைந்தும் செய்யலாம். ஊழியரிடம் ஓர் உண்மைச் சீட்டைக் கொடுத்து, இதனை இந்தத் திரையில் பதியுங்கள் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். ‘இதை எங்கே எழுதுவது?’ என்று அவர் தயங்கும் ஒவ்வோர் இடமும் ஒரு கண்டுபிடிப்பு. அமெரிக்க அறிஞர் பாரி போம் 1981இல் வெளியிட்ட நூலில், மென்பொருள் பிழையைத் தொடக்கத்தில் திருத்துவதைக் காட்டிலும் இயங்கத் தொடங்கிய பின் திருத்துவதற்குப் பன்மடங்கு செலவாகும் என்று விளக்கினார். தாளில் ஒரு கோட்டை அழிப்பதற்கு ஆகும் செலவு ஓர் அழிப்பான் மட்டுமே.

பார்க்காமல் விட்டதன் விலை

மூன்று சான்றுகளையும் ஒப்பிடாமல் விட்டால் நேரும் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் மாநகர ஆம்புலன்ஸ் சேவையில் புதிய கணினி முறை முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அழைப்பின் விவரத்தைத் தாளில் எழுதி, நகரும் பட்டையில் வைத்து அனுப்பி, ஊர்தியை ஒதுக்கும் பணியாளர் தம் அனுபவத்தால் முடிவெடுத்துவந்தனர். புதிய முறையோ அருகிலுள்ள ஊர்தியைத் தானே தேர்ந்து அனுப்ப முற்பட்டது. அதற்கு ஒவ்வோர் ஊர்தியும் எங்கே உள்ளது, என்ன நிலையில் உள்ளது என்பது எந்நேரமும் பிழையின்றித் தெரிந்திருக்க வேண்டும்.

நடைமுறை அவ்வாறு இல்லை. அவசரத்தில் ஊழியர் சில வேளை நிலைக்குறிப் பொத்தானைத் தவறாக அழுத்தினர். ஒதுக்கிய ஊர்தியை விட்டு வேறோர் ஊர்தியை எடுத்துச் சென்றனர். சில பகுதிகளில் வானொலித் தொடர்பும் கிட்டவில்லை. கணினி அறிந்த உலகமும் தெருவில் இருந்த உலகமும் விலகிச் சென்றன. ஓர் இடத்துக்கு இரண்டு ஊர்திகள் சென்றன. வேறிடத்தில் நோயாளர் நெடுநேரம் காத்திருந்தனர். காத்திருந்தவர் மீண்டும் மீண்டும் அழைத்ததால் நெரிசல் மேலும் கூடியது. மறுநாளே பாதியளவு பழைய முறைக்குத் திரும்ப நேர்ந்தது. நவம்பர் 4 அன்று கணினி முற்றிலும் நின்றுபோக, ஊழியர் மீண்டும் தாளையே நாடினர். 1993இல் வெளியான விசாரணை அறிக்கை, தொழில்நுட்பக் குறைகளோடு, பயன்படுத்தும் ஊழியரின் நம்பிக்கையைப் பெறாமல் அம்முறை புகுத்தப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. தெருவில் ஊழியர் உண்மையில் என்ன செய்கின்றனர் என்ற அறிவு திட்டத்தின் அடித்தளத்தில் இல்லாமல் போனால் கட்டடம் நிலைக்காது.

கேட்கப்படாதவர் யார்?

திட்டமிடுவோர் மேசைக்கு வராத ஒருவர் எப்போதும் இருப்பார். பெரும்பாலும் அவர் வாடிக்கையாளராக இருப்பார். அதிலும் முதியவராகவோ, கையெழுத்துக்குப் பதிலாகக் கைரேகை வைப்பவராகவோ இருப்பார்.

ஓய்வூதியர் ஆண்டுதோறும் அளிக்கும் உயிர்வாழ் சான்றை மின்னணு முறையில் வழங்க, ஜீவன் பிரமாண் என்ற வசதியை மத்திய அரசு 2014 நவம்பரில் தொடங்கியது. விரல் ரேகை அல்லது கருவிழி வழியாக அடையாளம் உறுதிசெய்யப்பட்டது. வங்கிக்கு நேரில் வர இயலாதவர்க்கு இது பெரும் உதவி. எனினும் முதுமையாலும் கடும் உழைப்பாலும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்காமற்போவதுண்டு. 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வழியும் சேர்க்கப்பட்டது. இன்று திறன்பேசி ஒன்றின் துணையால் வீட்டிலிருந்தே சான்று அளிக்க முடிகிறது. பயன்படுத்துவோரின் உடலையும் வாழ்வையும் அறிந்து ஒரு முறையை விரிவாக்குவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழர் நன்கறிந்த மற்றொரு சிக்கலும் உண்டு. பல கணினிப் படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் நிரப்பினால்தான் படிவம் நகரும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னால் வைத்து எழுதும் வழக்குடையோர் என்ன செய்வர்? ஒருவர் முதலெழுத்தையே குடும்பப்பெயராக எழுதுவார். ஒருவர் தந்தையின் பெயரை முழுதாக எழுதுவார். மற்றொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுவார். பின்னாளில் வங்கிக் கணக்கிலும் அடையாளச் சான்றிலும் பெயர் ஒத்துவராமல், தமக்கு வர வேண்டிய பணத்துக்காக அவர் அலைய நேரும். அந்தப் படிவத்தை வகுத்தவர் ஐம்பது பேரின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் இந்த அலைச்சல் நேர்ந்திராது.

மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தல்

நம் வாடிக்கையாளர்கள் இதனை எளிதாகவே தொடங்கலாம். ஒரு குறிப்பேட்டை எடுத்து, பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதற்பத்திக்கு ஏடு என்றும், இரண்டாவதற்குச் சொல் என்றும், மூன்றாவதற்குச் செயல் என்றும் தலைப்பிடுங்கள். கடன் விற்பனை, சரக்கு திரும்ப வருதல், பகுதித் தொகை பெறுதல், ரசீதை நீக்குதல், நாள் முடிவில் கணக்கு சரிபார்த்தல் என ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியில் எழுதி, மூன்று பத்திகளையும் நிரப்புங்கள். ஏட்டின்படி கடன் வரம்பு ஐம்பதாயிரம் ரூபாயாக இருக்கும். பழைய வாடிக்கையாளருக்கு வரம்பு பார்ப்பதில்லை என்று மேலாளர் சொல்வார். வசூலுக்குச் செல்பவர் சொன்னால் மட்டுமே சரக்கு வெளியேறுகிறது என்பதைச் செயல் காட்டும். மூன்றில் எதனைக் கணினியில் எழுதுவது? அதனை மென்பொருள் எழுதுபவர் முடிவுசெய்தல் கூடாது. உரிமையாளரே முடிவுசெய்து கையெழுத்திட வேண்டும்.

மூன்று பத்திகளும் ஒத்துப்போகும் வரிகளை அப்படியே மென்பொருளுக்குக் கொடுக்கலாம். வேறுபடும் வரிகளில் தவறு எப்போதும் ஊழியருடையது என்று எண்ணிவிடலாகாது. விதியே காலங்கடந்ததாக இருக்கலாம். ஊழியர் மேற்கொண்ட குறுக்குவழியே வணிகத்தைக் காத்துவந்திருக்கலாம். மாறாக, அக்குறுக்குவழி ஒரு நாள் பெரும் இழப்புக்கு வழிவகுக்கக்கூடியதாகவும் இருக்கலாம். எதுவெனத் தெரிந்து முடிவெடுப்பது ஒன்று; தெரியாமலே அதனைக் கணினியில் நிலைநிறுத்திவிடுவது வேறொன்று.

எல்லா வழிகளையும் எல்லா இடத்திலும் கையாள வேண்டும் என்பதில்லை. சிறு கடைக்கு ஏட்டாய்வும் இரண்டு மூன்று நேர்காணலும் ஒரு வார உற்றுநோக்கலும் தாளில் வரைந்த முன்மாதிரியும் போதும். பல கிளைகளுள்ள நிறுவனத்துக்கு வினாப்படிவமும் கூட்டு அமர்வும் தேவைப்படும். எதைக் குறைத்தாலும் மூன்று வகைகளிலிருந்தும் ஒவ்வொரு வழியையேனும் கைக்கொள்வது நலம். மென்பொருளுக்கான விலைப்பட்டியலைக் கேட்டுப் பெறுமுன் இந்தக் குறிப்பேடு நிரம்பியிருக்கட்டும். கடன் விண்ணப்பத்தோடு அதனையும் கொண்டுவந்தால், எதற்காக எவ்வளவு தேவை என்ற பேச்சு எளிதில் முடியும். வாங்கிய மென்பொருளும் நெடுநாள் பயன்படும்.